ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு முறை

இதைப் படித்து முடித்ததும் உங்களில் சிலர் எனக்கு போன் செய்வீர்கள். "சும்மா எழுதினதுதானே சார்?" என்று கேட்பீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்ல முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். இதில் வரும் தேதிகள் அப்படியே நடந்தவை. நேரங்கள் எல்லாம் என் போனிலும் எங்கள் குழுவின் பக்கத்திலும் இன்னும் பதிவாகி இருக்கின்றன. அந்தக் கம்பெனியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அங்கே இப்போதும் அறுபது பேர் வேலை செய்கிறார்கள்.

என் பெயர் எபினேசர். ஓசூரில் குடியிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். பெரும்பாலும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். இதற்கென்று பெரிய படிப்பு எதுவும் படிக்கவில்லை. தெரியாததை நாலு பேரிடம் கேட்டுச் செய்கிறவன். அப்படிக் கேட்பதற்கு டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது. நானூறு பேர் இருப்பார்கள். வைஃபை வரவில்லை, பிரிண்டர் எடுக்கவில்லை, ஸ்க்ரீன் கறுப்பாகவே நிற்கிறது என்று எதைக் கேட்டாலும், தமிழிலேயே யாராவது ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அந்தக் குழுவில் எனக்கு அதிகம் உதவியவள் ஜெயப்ரியா. பாரூர்ப் பக்கம். ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொள்கிறாள். என்னை அண்ணா என்பாள். நேரில் பார்த்ததில்லை.

கடந்த ஜூன் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதியம் 1.50. மேனேஜர் சவரியப்பன் கூப்பிட்டார். குந்தாரப்பள்ளி பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர் அவர். மாம்பழக் கூழும் துண்டு போட்ட மாம்பழமும் உறைய வைத்து அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். மைனஸ் இருபது டிகிரி. சீசன் நேரம். கிடங்கு நிறையச் சரக்கு.

"எபி, கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் உள்ளயே போக மாட்டேங்குது. டெம்பரேச்சர் என்ன இருக்குதுன்னே தெரியல. சரக்கு கெட்டுப்போச்சுன்னா என் வேலை போயிரும். உடனே வாப்பா."

3.15க்கு அங்கே இருந்தேன்.

ஞாயிறு என்பதால் ஆள் அதிகம் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் நாராயணப்பன். உள்ளே, சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்குத் தலைவரான கங்கப்பன். ஐம்பது வயதுக்குப் பக்கம். சொந்த ஊர் பேரிகை. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடிப்பார். நான் எப்போது போனாலும் அவருடைய ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார்.

"போட்டுக்கோங்க சார். நமக்கு இந்தக் குளிரு பழகிப்போச்சு. உங்க உடம்பு தாங்காது."

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பாஸ்வேர்ட் போட்டால் ஏற்றுக்கொண்டது. ஸ்க்ரீன் ஒரு நொடி கறுப்பானது. மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டது. போட்டேன். மறுபடியும் கேட்டது. அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

குழுவில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் ஜெயப்ரியா பதில் போட்டாள். இது அடிக்கடி வருகிற பிரச்சினைதான், டிஸ்க் நிரம்பியிருக்கும், எழுத இடம் இல்லாததால் உள்ளே விடாமல் வெளியே தள்ளுகிறது, வெறும் எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரைக்குப் போய்ப் பாருங்கள் என்றாள்.

போனேன். பார்த்தேன். டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது.

எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். ஒரே ஒரு போல்டர். அவசர அழைப்புகளுக்கான போல்டர்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்குக் கதவுப் பக்கத்தில், உள்ளே, ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கன்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். அந்த நேரத்தில் அறைக் கேமரா பத்து நொடி வீடியோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும். ஒரு முறை அழுத்தினால் ஒரு வீடியோ.

அந்தப் போல்டரில் 1,912 வீடியோக்கள் இருந்தன.

"கங்கப்பண்ணா, இந்த மணி அடிச்சுதா?"

"இல்லயே சார். நான் இங்கயேதான் இருக்கறேன். ஒரு தடவகூட அடிக்கல."

தேவையில்லாத சில பழைய பைல்களை அழித்து, உள்ளே போகிற அளவுக்குக் கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டு ஒன்றைத் திறந்து பார்த்தேன். கறுப்பு. இன்னொன்று. கறுப்பு. இருபது வீடியோ பார்த்தேன். எல்லாமே இருட்டு. ஆனால் கேமராவில் நேரலையாகப் பார்த்தால் அறை பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேல் ஒட்டிய தாளைக்கூடப் படிக்க முடிந்தது. சத்தம் இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது.

பட்டியலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஜெயப்ரியா தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தேதியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஜூன் 22 என்று இருந்தது. முதல் வீடியோ மாலை 5.48. கடைசி வீடியோ இரவு 9.34.

அன்று ஜூன் 15.

கம்ப்யூட்டர் கடிகாரம் முன்னால் ஓடியிருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். பார்த்தால் அது சரியாக இருந்தது. பொத்தான் இணைக்கப்பட்டிருக்கும் அலாரம் பெட்டியில் தனிக் கடிகாரம் இருக்கிறது. அதைக் கங்கப்பன் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"பதினஞ்சுன்னுதான் காட்டுது சார்."

குழுவில் சேலத்துக்காரர் ஒருவர், பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்திருக்கும், அப்போது தேதி குழம்பியிருக்கும், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதினார். சரி என்று எனக்கும் பட்டது.

ஜெயப்ரியா மட்டும் விடவில்லை.

"பொத்தான் பழுதுன்னா ஒரே சீரா வரணும்ண்ணா. இது அப்படி இல்ல. மொதல்ல ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ வருது. அப்பறம் அஞ்சு செகண்டு. அப்பறம் அரை நிமிசம். கடைசியில பத்து நிமிசத்துக்கு ஒண்ணு வருது." பிறகு சொன்னாள், "களைச்சுப்போற மாதிரி இருக்குது."

கங்கப்பனும் நானும் போய் அறையைத் திறந்தோம். மாலை 4.40. அடுக்கு அடுக்காகப் பெட்டிகள். வெள்ளைப் புகை. யாரும் இல்லை. அவரே போய்ப் பொத்தானை அழுத்தினார். வெளியே மணி அடித்தது. திரும்பி வந்து பார்த்தேன். புதிதாக ஒரு வீடியோ. சரியான தேதி. வெளிச்சமான படம். பொத்தானில் கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் கங்கப்பன்.

"எப்படி சார், நல்லா இருக்கறனா? பொண்ணுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். அவர் மகள் கிருஷ்ணகிரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் அழித்துவிடு, இடம் கிடைக்கும் என்றது குழு. அழிப்பதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஜெயப்ரியா. என்னிடம் இருந்த ஹார்ட் டிஸ்கில் 1,912 வீடியோக்களையும் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். இடம் கிடைத்ததும் எல்லாம் ஓடியது. டெம்பரேச்சர் தெரிந்தது. மைனஸ் இருபது. போனில் சொன்னதும் சவரியப்பன் பெருமூச்சு விட்டார். குழுவில் 'பிரச்சினை தீர்ந்தது, அனைவருக்கும் நன்றி' என்று எழுதினேன்.

இருபத்தேழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

அடுத்த வாரம் முழுவதும் வேறு வேலைகள். அந்த ஹார்ட் டிஸ்கைத் தொடவே இல்லை. எனக்கு அது மறந்தே போய்விட்டது.

ஜூன் 22. ஞாயிறு. மாலை 6.17.

போன் அடித்தது. ஜெயப்ரியா.

"அண்ணா... இன்னிக்குத் தேதி இருவத்திரண்டு."

"ஆமாம்மா."

"மொத வீடியோ அஞ்சே முக்காலுக்கு மேல. இப்ப மணி ஆறேகால்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஒரு போன் மட்டும் பண்ணிப் பாத்துருங்கண்ணா. எனக்கு மத்தியானத்துல இருந்தே ஒரு மாதிரி இருக்குது."

சவரியப்பனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டில் இருந்த நாராயணப்பனைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"உள்ள யாரும் இல்ல சார். லோடு முடிஞ்சுது. அல்லாரும் பூட்டாங்க."

"கங்கப்பண்ணா?"

"அவரும் பூட்டாரு. ஊர்ல ஏதோ பண்டிகைன்னு சொன்னாரு. சீக்கிரமே பூட்டிருப்பாரு."

"போறதப் பாத்தீங்களா?"



"பாக்கல சார். பின்பக்கமா போயிருப்பாரு."

கங்கப்பன் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடி அடித்தேன். அதேதான்.

6.31க்கு பைக்கை எடுத்தேன்.

வழியெல்லாம் லாரிகள். சூளகிரியில் பாலத்து வேலைக்காகச் சாலையை ஒரு பக்கமாக மறித்திருந்தார்கள். பதினைந்து நிமிடம் அங்கேயே நின்றேன். தூறல் போட்டது. என் தலைக்குள் அந்தப் பட்டியல்தான் ஓடியது. ஏழு மணிக்குப் பிறகு அரை நிமிடத்துக்கு ஒன்று. எட்டரைக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று. கடைசி 9.34. நேரம் இருக்கிறது... இன்னும் நேரம் இருக்கிறது... என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

7.43க்குப் போய்ச் சேர்ந்தேன்.

முற்றத்தில் ஒரு லாரி மட்டும் நின்றது. பின்பக்கம் பெரிய வெள்ளைப் பெட்டி வைத்த குளிர் லாரி. சரக்கு ஏற்றித் தயாராக இருந்தது. அதன் குளிரூட்டும் இன்ஜின் காதைப் பிளந்தது. டுர்ர்ர்ர் என்று. டிரைவர் கேட் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பைக்கை லாரிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

நாராயணப்பன் சாவியோடு வந்தார். அறையைத் திறந்தோம்.

7.46.

காலி.

பெட்டிகள் மட்டும். ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். மூலை மூலையாக டார்ச் அடித்தேன். பொத்தானைப் பார்த்தேன். சுற்றிலும் பனி உறைந்திருந்தது. யாருடைய கையும் பட்டதாகத் தெரியவில்லை. அழுத்தினேன். மணி அடித்தது. நன்றாகவே வேலை செய்தது.

வெளியே வந்தேன். மனசு கேட்கவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

"கங்கப்பண்ணா! உள்ள இருக்கீங்களா? கங்கப்பண்ணா!"

டுர்ர்ர்ர்...

லாரிச் சத்தத்தில் என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நாராயணப்பன் சிரித்தார்.

"ஏமி சார் நீங்க. அவரு பேரிகைல சாமி கும்புட்டுட்டு இருப்பாரு. இங்க யாரும் இல்ல, வாங்க."

"ஆமா. யாரும் இல்ல" என்று நானும் சொன்னேன்.

டிரைவர் கை கழுவிவிட்டு வந்தார். சென்னைக்குப் போகிற சரக்கு. என் பைக் வழியை மறித்து நின்றது.

"சார், கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

பைக்கை நான்தான் தள்ளி நிறுத்தினேன். பின்னால் வர நான்தான் கை காட்டினேன். லாரி கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறிப் போனது.

8.04.

வீட்டுக்கு வரும்போது மணி 9.20. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. ஜெயப்ரியாவிடம் சொன்னேன். அவள் அழுதே விட்டாள்.

"அப்பாடா... சாரிண்ணா. உங்கள வீணா அலைய வெச்சுட்டேன்."

"பரவாயில்லம்மா."

போனை வைத்த பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. அந்த வீடியோக்களை ஒருமுறையாவது சத்தத்தோடு கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஹார்ட் டிஸ்கை என் லேப்டாப்பில் சொருகினேன். ஒன்றை ஓடவிட்டேன். கறுப்புத் திரை. சத்தம் இல்லை. வீடியோவில்தான் சத்தம் இல்லையோ என்று ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் கேட்கவில்லை. போன வாரம் அப்டேட் போட்டதிலிருந்தே லேப்டாப்பில் சத்தம் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

குழுவில் கேட்டேன். 9.41. அந்த சேலத்துக்காரர் விழித்திருந்தார். அப்டேட்டுக்குப் பிறகு இது எல்லோருக்கும் வருவதுதான், சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் டிவி சொருகும் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், சவுண்ட் செட்டிங்கில் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினேன். வரவில்லை. சத்தத்துக்கான சர்வீஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்கச் சொன்னார்.

செய்தேன்.

10.02.

'வந்துவிட்டதா?' என்று கேட்டிருந்தார்.

வந்துவிட்டது.

டுர்ர்ர்ர்ர்...

கிடங்கில் ஓடுவது கரண்ட் மோட்டார். அது ஊம்ம்ம் என்று ஒரே சீராக இருக்கும். இது டீசல் இன்ஜின்.

அந்தச் சத்தத்தை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தேன்.

5.48ஐத் திறந்தேன். இன்ஜின். யாரோ இரும்பைக் கையால் அடிக்கும் சத்தம். தட் தட் தட் தட். பிறகு ஒரு குரல். கோபமான குரல்.

"டேய்! உள்ள ஆளு இருக்குதுடா! கதவத் தெறங்கடா!"

கங்கப்பன்.

6.30. அடி மெதுவாக இருந்தது. மூச்சு வேகமாக இருந்தது.

7.10. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

7.52.

இன்ஜின். மூச்சு.

அப்புறம்... தூரத்தில்... சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து...

"கங்கப்பண்ணா! உள்ள இருக்கீங்களா?"

என் குரல்.

ஜூன் 15ஆம் தேதி நான் காப்பி எடுத்த வீடியோவில்... ஜூன் 22ஆம் தேதி நான் கத்திய குரல்.

அடுத்த வீடியோ. தட் தட் தட் தட் தட். வெறிபிடித்த மாதிரி அடிக்கிறார்.

"எபி சார்! இங்க! இங்க சார்! லாரில!"

அடுத்தது. நாராயணப்பனின் சிரிப்பு. மெலிதாக.

அடுத்தது. "ஆமா. யாரும் இல்ல."

நான் சொன்னதுதான்.

8.04. லாரி நகரும் சத்தம்.

அதற்குப் பிறகு அவர் கத்தவே இல்லை.

சவரியப்பனுக்கு அடித்தேன். இந்த முறை எடுத்தார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "லாரி... லாரிய நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறேன். என்னை லைனில் வைத்துக்கொண்டே டிரைவருக்கு அடித்தார். ரிங் போனது. எடுக்கவில்லை.

மறுபடி.

எடுக்கவில்லை.

10.41க்கு எடுத்தார். ஆம்பூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தார்.

"பின்கதவத் தெற. உடனே தெற" என்றார் சவரியப்பன்.

நடக்கும் சத்தம். டுர்ர்ர்ர். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்... க்ர்ரீச்.



ஐந்து நொடி.

பத்து நொடி.

"சார்... இருக்காரு சார். கதவுகிட்டயே இருக்காரு..."

"பேசறாரா?"

டுர்ர்ர்ர் சத்தம் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

சரிந்த பெட்டிகளை அடுக்குவதற்காகக் கடைசியாக ஒருமுறை ஏறியிருக்கிறார். இறங்கிவிட்டார் என்று நினைத்து யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புப் பெட்டிக்குள் போனுக்கு சிக்னல் இல்லை. ஸ்வெட்டர் உடம்பில்தான் இருந்தது. மைனஸ் பதினெட்டுக்கு அது எம்மாத்திரம்?

உயிர் போனது ஒன்பதிலிருந்து பத்து மணிக்குள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பேரிகைக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள். அவர் மனைவி மாதம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார்.

"நீங்கதான் அன்னிக்குத் தேடிட்டு வந்தவரா?"

தலையாட்டினேன்.

"பேரு சொல்லிக் கூப்புட்டீங்களாமே... அவருக்குக் கேட்டிருக்குமா சார்?"

கேட்டது என்று எனக்குத் தெரியும். அவர் பதில் சொன்னதும் தெரியும்.

"கேட்டிருக்காதும்மா. இன்ஜின் சத்தம்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

போலீசிடம் ஹார்ட் டிஸ்கைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். வீடியோ இருக்கிறது, குரலும் இருக்கிறது, ஆனால் காப்பி எடுத்த தேதி ஜூன் 15 என்று இருக்கிறதே, தேதியை யார் மாற்றியது என்று கேட்டார்கள். குழுவில் நான் போட்ட படத்தைக் காட்டினேன். அதன் கீழே நானூறு பேருக்குத் தெரியும்படி நேரம் இருந்தது. ஜெயப்ரியாவும் கிருஷ்ணகிரிக்கு வந்து எழுதிக் கொடுத்தாள். அன்றுதான் அவளை முதன்முதலாக நேரில் பார்த்தேன். அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியாமல் இருந்தது. தேதி எப்படி மாறியது என்பதைக்கூட விட்டுவிட்டேன். அதை நினைத்தால் தூக்கம் போய்விடும். ஆனால் லாரியில் அழுத்தியது கிடங்குக் கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தது? லாரியில் இருக்கும் பொத்தானையும் கேமராவையும் யாராவது கிடங்கோடு இணைத்து வைத்திருக்க வேண்டும். ஒயர் இல்லாமல்கூட இணைக்கலாம். அப்படி ஏதாவது ஒன்று இருந்தால் பாதியாவது எனக்குப் புரியும். பாதி புரிந்தால்கூடப் போதும் என்று இருந்தது.

ஆகஸ்டில் போலீசார் அந்த லாரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓசூரில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் நின்றது. விற்பதற்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மெக்கானிக் பிரகாஷ் எனக்குத் தெரிந்தவர். போய்க் கேட்டேன்.

"இந்த வண்டியில உள்ளாற அழுத்தற பொத்தான் எங்க இருந்துச்சு?"

"பொத்தானா? பழைய வண்டி சார். பொத்தானும் கெடையாது, கேமராவும் கெடையாது. உள்ளாற ஒரு பல்புகூடக் கெடையாது."

ஏறிப் பார்த்தேன். நான்கு பக்கமும் வழவழப்பான தகரம். ஒரு ஒயர் இல்லை. ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை.

பிரகாஷ் பின்னாலேயே ஏறி வந்தார். கதவுக்கு வலது பக்கம், நெஞ்சு உயரத்தில், சுவரைக் காட்டினார்.

"போலீஸ்காரங்க போட்டோ எடுத்தாங்க சார். வண்டி மொதல்ல வந்தப்ப நானும் பாத்தேன். செவுரு முச்சூடும் கையால அடிச்ச அடையாளம். ஆனா இந்த எடத்துல மட்டும் வேற மாதிரி..."

குனிந்து பார்த்தேன்.

தகரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். பெயிண்ட் தேய்ந்து போயிருந்தது. ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப, யாரோ எதையோ அழுத்திக்கொண்டே இருந்த மாதிரி.